நிலத்தடிப் படைத்தளங்கள் முதுமை அடையும் விதம்

மதுரை தல்லாகுளத்தில், தமுக்கம் மைதானத்துக்கு நாற்பது அடி கீழே, ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு படைத்தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐம்பது மீட்டர் நீளம், ஐம்பது மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம். உள்ளே 200 பேர். அறிவியல் புனைகதை எழுத உட்காரும் ஒருவர் ஏறக்குறைய இப்படித்தான் கற்பனை செய்வார். குண்டுக்கு அசையாத கான்கிரீட் சுவர், இரண்டு ஆள் சேர்ந்து தள்ள வேண்டிய இரும்புக் கதவு, சுவர் நெடுகக் குழாய்களும் கம்பிகளும். கதை தொடங்கும்போது அந்தத் தளத்துக்கு வயதாகியிருக்கும். பாதி விளக்குகள் எரியாது. ஏதோ ஒரு மூலையில் தண்ணீர் சொட்டும். வாசகருக்கு அந்தச் சூழல் பிடித்துப்போகும். ஆனால் தண்ணீர் ஏன் சொட்டுகிறது, சொட்டினால் என்ன ஆகும் என்று பெரும்பாலான கதைகள் கேட்பதில்லை.

கேட்ட கதை ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய ‘தி மெஷின் ஸ்டாப்ஸ்’ என்ற நெடுங்கதையில் மனிதகுலமே நிலத்தடி அறைகளில் வாழ்கிறது. காற்று, ஒளி, உணவு எல்லாவற்றையும் ஒரு பெரும் இயந்திரம் தருகிறது. அங்கே எந்த எதிரியும் படையெடுத்து வருவதில்லை. முதலில் இசையில் சிறு கோளாறு, பிறகு குளிக்கும் நீரில் நாற்றம், பிறகு விளக்கு மங்குகிறது. மக்கள் ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்கிறார்கள். கடைசியில் பழுதுபார்க்கும் பொறியே பழுதாகிவிட்டது என்ற செய்தி வருகிறது. அதற்குமேல் அவர்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

கடந்த நூறாண்டில் உலகம் முழுக்கக் கட்டப்பட்டு, வயதாகி, கைவிடப்பட்ட நிலத்தடித் தளங்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஃபார்ஸ்டர் சரியாகத்தான் கணித்திருக்கிறார் என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. இந்தத் தளங்களில் குண்டு விழுந்து அழிந்தவை குறைவு. பராமரிப்பு நின்றதும் தண்ணீரும் காற்றும் அவற்றை முடித்துவைத்தன. அவற்றைப் பற்றிய பதிவும் பொறுப்பும் கைமாறாமல் நின்றபோது, மேலே வாழும் மக்களுக்கு அவை சுமையாகவும் ஆபத்தாகவும் மாறின. ஒரு தளத்தை எப்படிக் கட்டுவது என்பதற்குச் செலவிடப்படும் அறிவில் ஒரு பங்குகூட அதை எப்படி மூடுவது என்பதற்குச் செலவிடப்படுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் குறையைப் பற்றியது.

முதல் எதிரி தண்ணீர்

மதுரைச் சமவெளியின் மண் அதிக ஆழம் இல்லை. வைகையை ஒட்டி வண்டல், மற்ற இடங்களில் செம்மண், சரளை, அதன் கீழ் உக்கிப்போன பாறை, அதற்கும் கீழே நைஸ், சார்னோகைட் வகைக் கெட்டிப்பாறை. நம் பகுதியில் நிலத்தடி நீர் தங்குவது அந்த உக்கிய பாறையிலும் கெட்டிப்பாறையின் வெடிப்புகளிலும்தான். கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரியும்: பத்தடி தள்ளி வெட்டினால் வறண்ட பாறை, இங்கே வெட்டினால் ஊற்று. நம் கற்பனைத் தளத்தின் சுவர் ஏதாவது ஒரு வெடிப்பைக் குறுக்கே வெட்டாமல் இருக்காது.

வெடிப்பிலிருந்து நொடிக்கு ஒரு லிட்டர் மட்டும் ஊறுவதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 லிட்டர். 2,500 சதுர மீட்டர் தரையில் அது பரவினால் நாளுக்கு மூன்றரை சென்டிமீட்டர் உயரும். ஒரு மாதத்தில் மார்புக்குக் கொஞ்சம் கீழே, ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். கதவு எத்தனை டன் எடை இருந்தாலும் இதைத் தடுக்காது. தடுப்பது ஒரு பம்ப்தான். அந்தப் பம்புக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு ஜெனரேட்டரும் டீசலும் வேண்டும், பம்பின் சீல் தேய்ந்தால் மாற்ற ஆள் வேண்டும். 2024 அக்டோபரில் ஒரு பிற்பகலில் கொட்டிய மழையில் செல்லூர், நரிமேடு பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மதுரை மறந்திருக்காது. கண்மாய்களின் வரத்துக்கால்களும் போக்குக்கால்களும் அடைபட்ட ஊரில், தரைமட்டத்திலேயே தண்ணீருக்கு வழியில்லாதபோது நாற்பது அடி ஆழத்தில் நிலைமை என்னவாக இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாறைக்குள் வாழ நினைப்பவருக்குத் தண்ணீரே முதல் எதிரி என்பதை மதுரைக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். ஒத்தக்கடை யானைமலை, கீழக்குயில்குடி சமணர்மலை, அரிட்டாபட்டி, மாங்குளம் எனச் சுற்றிலும் உள்ள குன்றுகளில் சமண முனிவர்கள் தங்கிய இயற்கைக் குகைத்தளங்கள் இருக்கின்றன. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் தமிழ்பிராமிக் கல்வெட்டுகள், கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அங்கே போகிறவர்கள் கற்படுக்கைகளைப் பார்ப்பார்கள், எழுத்துகளைப் பார்ப்பார்கள். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். குகையின் நெற்றியில், பாறை முன்னோக்கி வளையும் இடத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரல் புதையும் ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டப்பட்டிருக்கும். அதைக் காடி என்பார்கள். மேலே பாறையில் வழிந்து வரும் மழைநீர் அந்தக் காடியைத் தாண்டி உள்ளே வளைய முடியாமல் அங்கேயே சொட்டி விழுந்துவிடும். காடிக்கு மேலே பாறை நீர் வழிந்து கறுத்திருக்கும், கீழே வெளிறி உலர்ந்திருக்கும். உலர்ந்த பக்கத்தில்தான் எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். உளி ஒன்றால் செய்த வேலை அது. பம்ப் வேண்டாம், டீசல் வேண்டாம், காவலாள் வேண்டாம். கவனிக்க ஆளில்லாமல் பல நூற்றாண்டுகள் போன பிறகும் அது தன் வேலையைச் செய்கிறது.

நவீன நிலத்தடித் தளத்தின் அடிப்படைப் பலவீனம் இந்த ஒப்பீட்டில் வெளிப்படுகிறது. ஆட்களும் எரிபொருளும் வந்துகொண்டிருக்கும்வரைதான் அதற்கு உயிர். வரத்து நின்ற அன்றே அதன் முதுமை தொடங்கிவிடுகிறது.

மூச்சுக் கணக்கு

அடுத்தது காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 200 பேர் என்றால் மணிக்கு நான்கு கனமீட்டர். நம் தளத்தின் மொத்தக் கொள்ளளவு பத்தாயிரம் கனமீட்டர். வெளிக்காற்று நின்றுபோனால் ஒரே நாளில் உள்ளே கரியமில வாயு ஒரு சதவீதத்தைத் தொட்டுவிடும். மூன்று நாளில் மூன்று சதவீதம். ஒரு சதவீதத்தில் மந்தம் தட்டும். மூன்றில் தலைவலியும் மேல்மூச்சும் வரும்; யோசித்து முடிவெடுப்பது சிரமமாகும். கட்டளை மையம் என்ற பெயரில் கட்டப்பட்ட இடத்துக்கு இதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

வெப்பமும் உண்டு. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ எழுதப்பட்ட கதைகளில் நிலத்தடி அறை எப்போதும் குளிர்ந்திருக்கும். ஆழத்தில் பாறையின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும் என்பதால், மதுரையில் அது 28, 29 டிகிரி. ஒரு மனித உடல் சுமார் நூறு வாட் வெப்பத்தைக் கக்குகிறது. 200 பேர் இருபது கிலோவாட். அதோடு கருவிகள், விளக்குகள், ஜெனரேட்டர். ஒவ்வொருவரும் மூச்சிலும் வியர்வையிலும் நாளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் ஈரத்தைக் காற்றில் சேர்க்கிறார்கள். அந்த ஈரம் சுவரில் ஓதமாக இறங்கும். கம்பிகளின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும், காகிதக் கோப்புகளில் பூஞ்சை படரும்.

கான்கிரீட்டும் இந்த மூச்சுக் கணக்கிலிருந்து தப்புவதில்லை. புதிய கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் பொருள்; அது உப்பிக்கொண்டு வெளியே தள்ள, காரை பெயர்ந்து விழுகிறது. நம் ஊர்ப் பழைய குடியிருப்புகளின் பால்கனிக் கூரையில் கம்பி தெரிவது இதனால்தான். ஆட்கள் நெருக்கமாக அடைந்திருக்கும் நிலவறையில் கரியமில வாயு அதிகம், ஆகவே இந்த வினைக்கு வேகமும் அதிகம். உள்ளே இருப்பவர்களின் மூச்சே சுவருக்கு வயதைக் கூட்டுகிறது.

சிங்கப்பூரின் நிலவறை

தமிழர் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புள்ள நிலத்தடிப் படைத்தளம் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. நகரின் நடுவே உள்ள ஃபோர்ட் கேனிங் குன்றுக்குள், சுமார் ஒன்பது மீட்டர் ஆழத்தில், 1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷார் மலாயாப் படைப்பிரிவின் கட்டளை நிலவறையைக் கட்டினார்கள். ‘பேட்டில்பாக்ஸ்’ என்று இன்று அழைக்கப்படுகிறது. ஒரு மீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவர், விஷவாயு புகாமல் அடைக்கும் கதவுகள், தொலைபேசி இணைப்பகம், சங்கேதச் செய்தி அறை, சொந்த மின் ஏற்பாடு எல்லாம் இருந்தன.

1942 பிப்ரவரி 15 அன்று காலை லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவல் தம் தளபதிகளை இந்த நிலவறையில்தான் கூட்டினார். நிலவறை சிதையவில்லை, சுவரில் ஓட்டை விழவில்லை. ஆனால் மேலே நகரின் குடிநீர்க் குழாய்கள் குண்டுவீச்சில் உடைந்து தண்ணீர் வீணாகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு நாளில் தண்ணீரே கிடைக்காது என்ற நிலை. பெட்ரோலும் வெடிபொருளும் தீரும் தறுவாயில் இருந்தன. சரணடைவது என்று அங்கே முடிவானது. அன்று மாலை புக்கித் தீமாவில் ஃபோர்ட் கார்த் தொழிற்சாலையில் ஜெனரல் யாமஷிதா முன்னிலையில் கையெழுத்தானது. குண்டு துளைக்காத அறை, தன்னைத் தாங்கிய ஊர் தாங்காமல் போனதால் பயனற்றுப் போனது.

அந்த அறையில் எடுத்த முடிவு இரண்டே நாளில் நம் மக்களின் வாழ்க்கையைத் தொட்டது. பிப்ரவரி 17 அன்று சிங்கப்பூர் ஃபாரர் பார்க் மைதானத்தில் 40,000க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். மோகன்சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவம் பிறந்தது அந்த மைதானத்தின் தொடர்ச்சிதான். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் தலைமை ஏற்றபோது மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து திரண்டு வந்து சேர்ந்தவர்களில் தமிழர்களே மிகுதி. மதுரை, ராமநாதபுரம் சீமையின் எத்தனையோ குடும்பங்களில் ‘ஐ.என்.ஏ. தாத்தா’ ஒருவர் இருந்தார்.

இவ்வளவு முக்கியமான இடத்தைச் சிங்கப்பூர் மறந்துபோனது. ஜப்பானியர் சிறிது காலம் பயன்படுத்தினார்கள். போர் முடிந்ததும் உள்ளே இருந்தவை சூறையாடப்பட்டன. 1960களின் இறுதியில், யாராவது உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடாதென்று வாசல்களை அடைத்துவிட்டார்கள். பூங்காவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலடியில் அது இருப்பது தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. 1988இல் ஒரு பத்திரிகையாளரின் தேடலில் அது மறுபடி கண்டுபிடிக்கப்பட்டு, 1997இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

மும்பை ஆளுநர் மாளிகைக்கு அடியில்

நம் நாட்டில் இதைவிட வியப்பான மறதி ஒன்று நடந்தது. மும்பை மலபார் குன்றில் கடலை ஒட்டி ஆளுநர் மாளிகை இருக்கிறது. 2016 ஆகஸ்டில் அங்கே அடைத்துக் கிடந்த ஒரு சுவரை உடைத்தபோது, பின்னால் பிரிட்டிஷ் காலத்து நிலவறை ஒன்று தெரிந்தது. சுமார் 150 மீட்டர் நீளம், 5,000 சதுர அடி, 13 அறைகள். அப்போது ஆளுநர் சி. வித்யாசாகர் ராவ். நாட்டின் மிகக் கடுமையான பாதுகாப்பு உள்ள வளாகங்களில் ஒன்று அது. நாள்தோறும் காவலர் ரோந்து சுற்றும் இடம். அதன் அடியில் ஒரு பீரங்கித் தளத்தின் கிடங்கு பல பத்தாண்டுகள் யார் கணக்கிலும் இல்லாமல் கிடந்திருக்கிறது.

அறை வாசல்களில் எழுதியிருந்த பெயர்கள் அப்படியே இருந்தன: குண்டுக் கிடங்கு, தோட்டாக் கிடங்கு, குண்டேற்றி, பம்ப், பட்டறை. எனக்கு இந்தப் பெயர்வரிசையில் ‘பம்ப்’, ‘பட்டறை’ என்ற இரண்டும்தான் முக்கியம். பீரங்கிக்கும் தோட்டாவுக்கும் தனி அறை ஒதுக்கிய பொறியாளர், தண்ணீரை இறைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் தனித்தனி அறை ஒதுக்கியிருக்கிறார். அந்தத் தளம் எதனால் உயிரோடிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 2019 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். மழைநீர் வடிகால், காற்றோட்டம், சுவர் பலப்படுத்தல் ஆகிய பணிகளைச் செய்யாமல் பார்வையாளரை உள்ளே விட்டிருக்க முடியாது. அருங்காட்சியகமாக மாறிய பிறகும் அந்த நிலவறைக்குப் பராமரிப்புச் செலவு தீராது.

உதிரிப்பாகமும் ஆட்களும்

மறக்கப்படாத தளங்களுக்கும் முதுமை வருகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் செயன் மலைக்குள் 1961இல் குடையத் தொடங்கி 1966இல் இயங்கத் தொடங்கிய கட்டளை மையத்தைத் திரைப்படங்கள் உலகப் புகழ் பெறச் செய்துவிட்டன. தலைக்கு மேல் சுமார் 600 மீட்டர் கிரானைட். 25 டன் எடைக் கதவுகள். பாறை அதிர்ந்தாலும் ஆடாமல் இருக்க, உள்ளே உள்ள 15 கட்டடங்களையும் 1,300க்கும் மேற்பட்ட பெரிய இரும்புச் சுருள்வில்களின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு சுருள்வில்லும் கண்காணிக்கப்பட வேண்டிய பொருள். எதிரியின் ஏவுகணைகள் துல்லியமாகிக்கொண்டே வந்ததால் கிரானைட்டின் காப்பு நாளடைவில் மதிப்பிழந்தது. 2006இல் அன்றாடப் பணிகளை அருகிலுள்ள பீட்டர்சன் தளத்துக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். ஆனால் 2015இல், மின்காந்த அதிர்வுத் தாக்குதலிலிருந்து தகவல்தொடர்புக் கருவிகளைக் காக்க இந்த மலை ஏற்றது என்று சொல்லிச் சில கருவிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓய்வு கொடுத்த தளத்தை மீண்டும் அழைக்க முடிந்ததற்குக் காரணம், இடைப்பட்ட ஆண்டுகளிலும் அதைப் பராமரித்து வந்ததுதான்.

அமெரிக்காவின் நிலத்தடி ஏவுகணை நிலையங்களின் கதை வேறு. 2014இல் பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல் உத்தரவிட்ட ஆய்வில் ஒரு செய்தி வெளிவந்தது: ஏவுகணைகளில் அணுகுண்டு முனையைப் பொருத்தத் தேவையான ஒரு கருவித்தொகுதி, மூன்று தளங்களுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேண்டியபோது கூரியரில் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்று தளங்களிலும் சேர்த்து இருந்த ஏவுகணைகள் 450. அணுப்படைக்குக் கட்டளை அனுப்பும் அமைப்பு ஒன்றில் எட்டு அங்குல ஃபிளாப்பி வட்டுகள் 2019வரை பயன்பாட்டில் இருந்தன.

இதில் மனித உடலும் சேர்ந்தே தேய்கிறது. இந்த நிலையங்களில் இருவர் இருவராக 24 மணிநேரப் பணியில் நிலத்துக்கடியில் இருந்த வீரர்களிடையே புற்றுநோய் பற்றிய கவலை எழுந்ததும், விமானப்படை சோதனை நடத்தியது. 2023இல் மொன்டானா மாநில மால்ம்ஸ்ட்ராம் தளத்தின் ஏவுகட்டளை அறைகளில், பழைய மின்கருவிகளில் பயன்பட்ட பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பது தெரியவந்தது. 1960களில் பாதுகாப்பானது என்று நம்பிப் பொருத்திய கருவிகளின் நச்சு, அப்போது பிறந்திராத பிள்ளைகள் வேலை பார்க்கும் அறையில் படிந்திருந்தது.

இங்கிலாந்தில் கோர்ஷம் என்ற ஊருக்கு அடியில் பழைய கல்குவாரிக்குள் 1950களின் இறுதியில் கட்டிய தளம், அணுப்போர் மூண்டால் 4,000 அரசு ஊழியர்கள் தங்கி நாட்டை ஆள்வதற்கானது. 35 ஏக்கர் பரப்பு. அப்படி ஒரு போர் வரவே இல்லை. பிரித்துப் பார்க்காத அறைகலன்களும் எழுதுபொருள்களும் அடுக்கிவைத்தபடி இருக்க, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் பல பத்தாண்டுகள் அதைக் கவனித்து வந்தார்கள். 2004இல் அதைப் பணியிலிருந்து விடுவித்தார்கள். ஒருநாளும் பயன்படாத தளத்துக்கும் பயன்பட்ட தளத்துக்கு ஆகிற அளவு வயதாகும் என்பதற்குக் கோர்ஷமே சாட்சி.

பனிக்கு அடியில் விட்டுவந்தவை

இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது கிரீன்லாந்தின் ‘கேம்ப் செஞ்சுரி’. 1959, 1960இல் அமெரிக்க ராணுவம் பனிப்பாளத்தில் பெரும் அகழிகள் வெட்டி, மேலே வளைந்த தகடு மூடி, 21 சுரங்கங்களைக் கட்டியது. 200 பேர்வரை தங்கினார்கள். ஒரு சிறிய அணு உலை மின்சாரம் தந்தது. துருவ ஆராய்ச்சி நிலையம் என்று உலகுக்கு அறிவித்தார்கள். ஆராய்ச்சி நடந்தது உண்மை: 1966இல் பனிப்பாளத்தை அடித்தரைவரை முதன்முதலாகத் துளைத்து எடுத்த பனித்தண்டு, பழங்காலத் தட்பவெப்பத்தைப் பற்றி நாம் இன்று அறிந்ததில் பெரும்பகுதிக்கு வழி திறந்தது. ஆனால் உள்நோக்கம், பனிக்கடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுரங்கத்தில் 600 அணு ஏவுகணைகளை நகர்த்தி வைப்பது. அந்த மண்ணின் ஆட்சியாளரான டென்மார்க்குக்குக்கூட அத்திட்டத்தைச் சொல்லவில்லை.

பனி நகரும் பொருள். எதிர்பார்த்ததைவிட வேகமாக நகர்ந்து சுரங்கங்களை நெருக்கியது. சுவர்களைச் செதுக்கிச் செதுக்கி மாளவில்லை. அணு உலையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு, 1967 வாக்கில் மற்றதை அப்படியே விட்டுவிட்டார்கள். பனி எல்லாவற்றையும் நிரந்தரமாகப் புதைத்துவிடும் என்பது கணக்கு. 2016இல் வில்லியம் கோல்கன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, அங்கே சுமார் இரண்டு லட்சம் லிட்டர் டீசலும், அதைவிடச் சற்று அதிகமான கழிவுநீரும், பிசிபியும், அணு உலையின் குறைந்த கதிர்வீச்சுக் கழிவும் கிடக்கக்கூடும் என மதிப்பிட்டது. புவி வெப்பமானால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு அவை உருகி வெளிப்படும் வாய்ப்பையும் எச்சரித்தது. பிந்தைய ஆய்வு அந்த ஆபத்து இன்னும் தள்ளியிருப்பதாகக் கணித்தது. எப்போது வந்தாலும், அப்போது அதை யார் அள்ளுவது? கட்டியவர் அமெரிக்கர், ஒப்பந்தம் போட்டவர் டென்மார்க், வாழப்போகிறவர் கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள். பொறுப்பு யாருடையது என்று எழுதிவைக்காததால் சுமை கடைசியில் எளியவர் தலையில் இறங்குகிறது.

வன்னியின் பதுங்கு குழிகள்

நிலத்தடிப் போர்க் கட்டுமானம் பற்றித் தமிழில் எழுதும் ஒருவர் ஈழத்தைக் கடந்து போக முடியாது. போர் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வீட்டுக்கு வீடு பதுங்கு குழி இருந்தது. பனங்குற்றிகளை அடுக்கி மேலே மண்மூட்டை போட்ட குழி. மாரியில் அது நிரம்பும், குற்றி உக்கும், பாம்பு சேரும். விமானச் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை இறக்க வேண்டிய இடம் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தண்ணீரை இறைத்து மறுபடி சீர்செய்தார்கள். 2009இன் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் மணலில் குழி நிற்கவில்லை. பெண்கள் தங்கள் சேலைகளைத் தைத்து மண்மூட்டை ஆக்கினார்கள். உலகின் எந்த ராணுவப் பொறியாளரும் வடிவமைக்காத, எந்த அருங்காட்சியகமும் காக்காத நிலவறைகள் அவை. உயிர்களைக் காத்தவையும் அவை, காக்க முடியாமல் போனவையும் அவை.

புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்பட்ட பல அடுக்கு நிலவறையை, போர் முடிந்தபின் ராணுவம் சில ஆண்டுகள் பார்வையாளருக்குக் காட்டியது. 2013இல் வெடிவைத்துத் தகர்த்தது. இருதரப்புக் காவலரண்களும் எதிரெதிரே நீண்டிருந்த முகமாலையில் புதைந்த கண்ணிவெடிகளை அகற்றும் பணி, போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலும் நீடித்தது. அந்த அகழிக்கோட்டில் காணியிருந்த குடும்பங்களுக்குப் போர் 2009இல் முடிந்துவிடவில்லை. ஒரு போர்க் கட்டுமானத்தின் ஆயுளைப் போரின் தேதிகளை வைத்து அளக்கக் கூடாது. அதன் மேல் ஒருவர் அச்சமின்றிக் கடப்பாரை போடும் நாள்வரை அது உயிரோடு இருக்கிறது.

மூடும் பொறுப்பு

படைக் கட்டுமானம் ஒன்றை ஒழுங்காக முடித்துவைத்த அனுபவம் மதுரைக்கே உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் எழுப்பிய, 72 கொத்தளங்கள் கொண்ட இரட்டைக் கோட்டை, 1764இல் யூசுப்கானை வீழ்த்த நடந்த முற்றுகையைத் தாங்கியது. எழுபது எண்பது ஆண்டுகளில் அதற்குப் படைப்பயன் இல்லாமல் போனது. மதில் பாழடைந்தது, அகழி குப்பையும் காய்ச்சலும் தேங்கும் பள்ளமானது. 1834 முதல் 1847வரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்து, அந்த நிலத்தை வீதிகளாகவும் மனைகளாகவும் மக்களுக்குக் கொடுத்தார். இன்றைய வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அப்படி வந்தவை. விளக்குத்தூண் அவர் நினைவாக எழுந்தது. கோட்டையின் வரலாற்றுச் சின்னத்தை இழந்தோம் என்ற வருத்தம் நியாயமானதே. ஒரு கொத்தளத்துக்கு மேல் விட்டுவைத்திருக்கலாம். ஆனாலும் எது இடிக்கப்பட்டது, எங்கே இருந்தது, அந்த இடம் யாருக்குப் போனது என்பது ஊருக்குத் தெரியும். தரைக்கு மேலே, எல்லார் கண் முன்னாலும் நடந்ததால் அது முடிந்தது.

நிலத்தடித் தளத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ரகசியம்தான் அதன் முதல் காப்பு என்பதால், பழுதும் ரகசியமாகிவிடுகிறது. வெளியே இருப்பவர் கேட்க முடியாது. உள்ளே இருப்பவர் சொல்ல முடியாது. அவர் ஓய்வுபெற்றால் அறிவும் அவரோடு போய்விடுகிறது. மும்பையிலும் சிங்கப்பூரிலும் நடந்தது அதுதான்.

நிலத்தடிக் கட்டுமானமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். சிங்கப்பூரே மண்டாய் பகுதியில் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிக்கு அடியில் வெடிபொருள் கிடங்கைக் கட்டி, 2008இல் திறந்தது. தரைமேல் கட்டியிருந்தால் பாதுகாப்பு இடைவெளிக்காக முடங்கியிருக்கக்கூடிய சுமார் 300 ஹெக்டேர் நிலம் மக்கள் பயன்பாட்டுக்கு மிஞ்சியது. நெருக்கடியான நாட்டுக்கு அது பெரிய கொடை. ஒரு நிலவறையை மறந்த நாடு அடுத்ததை ஊரறியத் திறந்தது நல்ல மாற்றம்.

இந்தியாவில் இப்படி ஊரறியச் செய்வதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தின் வழியில், 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாற்று ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் ரகசிய நீக்கம் செய்யப்படும் என்ற கொள்கையை அறிவித்தது. போர்களின் வரலாற்றுக்குச் செய்ததை, போருக்காகத் தோண்டிய குழிகளுக்கும் செய்ய வேண்டும். மூன்று காரியங்கள் போதும். கட்டும்போதே மூடுவதற்கான நிதியை ஒதுக்க வேண்டும். உள்ளே இருக்கும் எரிபொருள், நச்சுப்பொருள், வெடிபொருள் பட்டியலும் வரைபடமும் இரண்டு தனித்தனி இடங்களில் இருக்க வேண்டும். படைப்பயன் முடிந்த தளத்தின் இருப்பிடம், குறித்த காலத்துக்குள் அந்த ஊர் மாநகராட்சிக்கும் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் துறைக்கும் தெரிவிக்கப்பட வேண்டும்.

தமிழில் அறிவியல் புனைகதை எழுதுபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிலத்தடித் தளத்தைக் கதையில் வைத்தால் அதன் பம்ப் ஓட்டுநரையும் வெல்டரையும் உள்ளே வையுங்கள். அந்தத் தளத்தை எத்தனை நாள் உயிரோடு வைப்பது என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான். அரசுகளிடம் கேட்க வேண்டியது இன்னும் எளிது: மண்ணுக்கடியில் ஒரு தளம் கட்ட எந்தக் கோப்பில் கையெழுத்தாகிறதோ, அதை எந்த ஆண்டில், யார், யாருடைய செலவில் மூடுவார்கள் என்பதும் அதே கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.